கூரைக்குள் ஒரு குடை

நான் ஐந்தாம் வகுப்பில் படித்த வருடம் பள்ளிக்கூடத்தில் ஒரு வீட்டுப்பாடம் தந்தார்கள். வீட்டுக்குக் கிட்டவுள்ள பழைய கட்டடம் ஒன்றுக்குப் போய், அதை அளந்து, படம் கீறி, அங்கே கண்ட புதினமான விஷயம் ஒன்றையும் எழுதிக்கொண்டு வரவேண்டும். எந்தக் கட்டடம் யாருக்கு என்று சீட்டுக் குலுக்கினார்கள். என் பக்கத்துக் கதிரைக்காரனுக்கு ரயில் நிலையம் விழுந்தது. எனக்குச் சாப்பல் விழுந்தது.

வீட்டுக்கு வந்து, எனக்குச் சாப்பலைப் பற்றி எழுதவேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே, "அதுக்கேன் முகத்தைத் தூக்கி வைச்சிருக்கிறாய்? மாமா பதினொரு வருசம் லாச்சப்பலிலைதானே இருந்தவர். போய் அவரைக் கேள்" என்றார்.

லாச்சப்பல் என்பது பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைத்தெரு இருக்கும் இடம். அம்மாவின் தம்பியான மாமா அங்கிருந்து லண்டனுக்கு வந்து ஏழெட்டு மாதம்தான் ஆகியிருந்தது. மோர்டனில் எங்கள் வீட்டு முன்னறைச் சோபாதான் அவருடைய படுக்கை. யாராவது தன்னிடம் ஒரு விஷயம் கேட்டால் அவருக்குச் சந்தோஷம் பிடிபடாது. அன்றும் எழும்பி நிமிர்ந்து இருந்து சொல்லத் தொடங்கினார். எந்த முடக்கில் மரக்கறிக் கடை, எந்தக் கடையில் கொத்துரொட்டி நல்லது, தேர்த் திருவிழாவுக்கு எந்த றோட்டை மறிப்பார்கள் என்று அவர் சொல்லச் சொல்ல நான் கொப்பியில் இரண்டு பக்கம் நிரப்பிவிட்டேன்.

அப்பா வேலையால் வந்து, "இங்கத்தைப் பள்ளிக்கூடத்துக்கு என்னத்துக்குப் பாரிஸ் கொத்துரொட்டி?" என்று கேட்டபோதுதான் பிழை பிடிபட்டது.

அப்பா ஊரில் நாலாம் வகுப்போடு நின்றவர். அம்மா ஏழு. மாமா எட்டு வரைக்கும் போய், எட்டை இரண்டு தரம் படித்தவர். அதனால் என் வீட்டுப்பாடம் எங்கள் வீட்டில் ஒரு பூசை மாதிரி. நான் கொப்பியை விரித்தால் தொலைக்காட்சி நிற்கும். குழாய்த் தண்ணீர்கூட மெல்லத்தான் ஓடும். அப்பா சப்பாத்தைக் கழற்றாமலே பள்ளிக்கூடம் தந்த கடதாசியை வாங்கிப் பார்த்தார். இங்கிலிஷ் முழுவதும் விளங்காவிட்டாலும் விலாசம் விளங்கியது, ஏனென்றால் சனிக்கிழமைகளில் என்னை அங்கே கொண்டுபோய் விடுகிறவர் அவர்தான்.

"இது வேதக்கோயிலடா. உன்ரை தமிழ்ப் பள்ளிக்கூடம் நடக்கிற கட்டடம்" என்றார்.

அம்மாவின் கத்தி நின்றது.

ஏன் நின்றது என்பதை இப்போது சொல்லிவிடலாம். மாமாவுக்கு அப்போது முப்பத்தேழு வயது. எங்கள் ஆட்களிடம் பெண் பார்க்க வீட்டுக்குப் போவதைவிடக் கோயிலில் வைத்துப் பார்ப்பதே வசதியான வழக்கம். மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கத்தால் சுற்றி வருவார்கள், பெண் வீட்டார் கால் கழுவிக்கொண்டு நிற்பார்கள், "அட, நீங்களும் வந்தனீங்களோ" என்று இரண்டு பகுதியும் ஆச்சரியப்படும். பிடிக்காவிட்டால் யாருக்கும் மானம் போகாது, ஏனென்றால் யாரும் யாரையும் பார்க்கப் போகவில்லை. சாமியைத்தான் பார்க்கப் போனார்கள். மாமாவுக்கும் இப்படி ஆர்ச்வே முருகன் கோயிலில் மூன்று தரம் சாமி பார்த்தாயிற்று. மூன்றும் குழம்பியது. அங்கே வருகிறவர்களில் பாதிப்பேர் மற்றப் பாதிப்பேருக்குச் சொந்தம். மாமா அர்ச்சனைத் தட்டோடு ஒரு சுற்று வருவதற்குள் அவரைப் பற்றிய கதை மூன்று சுற்று வந்துவிடும்.

நாலாவதாகப் பேச்சு நடந்தது என் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அரிவரி வகுப்புக்கு, அதாவது எழுத்துத் தொடங்கும் சின்னப் பிள்ளைகளுக்கு, படிப்பிக்கும் ரீச்சரோடு. ரீச்சரின் அக்காவும் என் அம்மாவும் கடையில் கண்டு பழக்கம். மாமா பாரிஸில் கட்டட வேலையில் மனேச்சராக இருந்தவர் என்று அம்மா அவரிடம் சொல்லி வைத்திருந்தார். இந்த மனேச்சர் உத்தியோகம் எப்போது கிடைத்தது என்று மாமாவுக்கே தெரியாது. இதுவும் குழம்பினால் பிறகு பேச ஆள் இல்லை என்று அம்மா தொலைபேசியில் யாருக்கோ சொன்னது என் காதில் விழுந்தது. என்ன குழம்பு என்று நான் கேட்கவில்லை.

ஆக, வெங்காயத்தின் மேல் கத்தி நின்ற அந்த நிமிடத்தில் அம்மாவுக்கு ஒரு கோயில் கிடைத்தது. எங்கள் சனம் சுற்றாத கோயில். பெடியன் படம் கீறவேண்டும், துணைக்கு மாமா போகவேண்டும். ரீச்சர் வாணி விழாவுக்கு மேடை எங்கே போடலாம் என்று பார்க்கச் சரியாகப் பதினொரு மணிக்கு உள்ளே வருவார். "அட, நீங்களும் வந்தனீங்களோ."

இதில் ஒன்றும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், என் வீட்டுப்பாடத்துக்காக மாமா தலைமயிர் வெட்டினார், மீசைக்கு மை பூசினார், புதுச் சேட் வாங்கினார் என்பதுதான். படிப்பில் இவருக்கு இவ்வளவு மரியாதையா என்று நான் உருகிப்போனேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம், பள்ளிக்கூடம் தந்த கடதாசியை எல்லாருக்கும் தமிழில் வாசித்துக் காட்டினேன். அந்தக் கட்டடத்தைக் கட்டினவர்கள் ராசாவின் கோயிலுக்குப் போகமாட்டோம் என்று பிரிந்து வந்தவர்கள். அவர்களுக்கு இங்கிலிஷில் ஒரு நீளமான பெயர் இருந்தது. நான் யோசித்து யோசித்து, "ஒத்துப்போகாத ஆக்கள்" என்று மொழிபெயர்த்தேன்.

அம்மாவின் முகம் மாறியது. "ஒத்துப்போகாத ஆக்களின்ரை கோயிலோ? வேறை ஒரு இடமும் கிடைக்கேல்லையே?"

"அக்கா, அவையள் ராசாவோடைதான் ஒத்துப்போகேல்லை" என்றார் மாமா. "மனிசிமாரோடை ஒத்துத்தான் இருந்திருப்பினம்."

இதற்குள் மனிசிமார் எங்கிருந்து வந்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. அப்பா மட்டும் தேநீர்க் கோப்பைக்குள் சிரித்தார்.

சனிக்கிழமை தமிழ் வகுப்பு பதினொன்றரைக்குத் தொடங்கும். நானும் மாமாவும் பத்து மணிக்கே போய்விட்டோம். அந்தச் சாப்பலின் பின்பக்க மண்டபத்தில் இரண்டு வருடம் நான் அகரவரிசை எழுதியிருக்கிறேன். முன்பக்கத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. அது றோட்டில் நின்றால் தெரியாது. ரயர் கடைக்கும் கோழிப் பொரியல் கடைக்கும் நடுவே ஓர் ஒழுங்கை போகும். அதன் முடிவில் மண்ணிறச் செங்கல்லில் ஒரு பெரிய வீடு போல நிற்கும். கோபுரம் இல்லை, மணி இல்லை, வெளியே ஒரு சிலுவைகூட இல்லை. பக்கத்துக்குப் பக்கம் ஒரே அளவில் இரண்டு கதவுகள். மேலும் கீழுமாக இரண்டு நிரையில், தலை வளைந்த பெரிய யன்னல்கள்.

சாவி வைத்திருக்கும் வெள்ளைக்கார அம்மா எங்களுக்காக வந்து காத்திருந்தார். இதைக் கட்டின காலத்தில் அந்தச் சனம் ஒளித்து ஒளித்துத்தான் கும்பிட்டுப் பழகியிருந்தது. அதனால்தான் வீடு மாதிரிக் கட்டி, றோட்டுக்கு மறைவாக வைத்தார்கள் என்றார். நான் மாமாவுக்குத் தமிழில் சொன்னேன். மாமா ஒழுங்கையின் வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"விளங்குது. கஷ்டகாலம் பாத்த சனம். வாசலும் ரெண்டு வைச்சிருக்கிறாங்கள்" என்றார்.

இரண்டு வாசலில் ஒன்று ஆண்களுக்கு, மற்றது பெண்களுக்கு என்று சிலர் சொல்வார்கள், ஆனால் நிச்சயம் இல்லை என்று அந்த அம்மா சொன்னார். நிச்சயம் இல்லாவிட்டாலும் மாமா ஆண்களின் கதவு எது என்று கேட்டு அதற்கு நேரே போனார். போய், படியில் குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். வேதக்கோயிலாக இருந்தாலும் கோயில்தானே. நானும் கழற்றினேன். இரண்டு சோடியையும் ஒழுங்காகச் சுவரோரம் வைத்தோம். அந்த அம்மா சப்பாத்துகளையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். தேநீர் போடுவதாகச் சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனார்.

அப்போதுதான் மாமாவின் வலதுகால் சொக்ஸில் இருந்த ஓட்டையைக் கண்டேன். பெருவிரல் முழுதாக வெளியே நின்றது. தலையில் இருந்து கணுக்கால் வரைக்கும் ஆயத்தமாகி வந்தவர் அதற்குக் கீழே கவனிக்கவில்லை.

உள்ளே போனதும் மாமா கும்பிடுவதற்குக் கையை உயர்த்தினார். எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுவது என்று தெரியாமல் கை பாதியில் நின்றது. எங்கள் கோயிலில் எந்த வாசலால் போனாலும் கண் மூலஸ்தானத்தில்தான் போய் முடியும். இருட்டுக்குள் விளக்கு, விளக்குக்குப் பின்னால் சாமி. இங்கே இருட்டே இல்லை. நிறமில்லாத வெறுங்கண்ணாடியால் வெயில் தாராளமாக வந்து விழுந்துகொண்டிருந்தது. சதுரமான ஒரு பெரிய அறை. மூன்று பக்கமும் மெல்லிய இரும்புத் தூண்களில் மேல்மாடம். சாமி இருக்கவேண்டிய இடத்தில், ஒரு ஆள் ஏறி நின்று பேசுவதற்கு உயரமான மரக்கூடு. அதற்கு இரண்டு பக்கமும் வளைந்த படிகள். அந்தக் கூட்டுக்கு மேலே, சுவரில் இருந்து நீட்டிக்கொண்டு, எட்டு மூலையுள்ள ஒரு பலகைக் குடை.

"சாமியைக் காணேல்லை. குடையை மட்டும் விட்டிட்டுப் போட்டார்" என்றார் மாமா. பிறகு கூரையைப் பார்த்து, "இதிலை ஒழுகுமாக்கும்" என்றார்.

கீழே ஆட்கள் உட்காரப் போட்டிருந்த வாங்குகள்தான் எனக்குப் பெரிய புதினம். ஒவ்வொன்றும் ஒரு பெட்டி. நாலு பக்கமும் என் தலை உயரத்துக்குப் பலகை. உள்ளே போக ஒரு சின்னக் கதவு, கதவில் பித்தளைக் கொழுக்கி, வெள்ளைப் பெயின்ரில் இலக்கம். ஒரு குடும்பம் ஒரு பெட்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இருக்குமாம். குளிருக்கும் நல்லது, பக்கத்து வீட்டுக்காரரின் கண்ணுக்கும் தப்பலாம்.

அளக்கத் தொடங்கினோம். அப்பா வாங்கித் தந்த அளவுநாடா துணி தைக்கிறவர்களுடையது. ஒன்றரை மீற்றரில் முடிந்துவிட்டது. மாமா அதைச் சுருட்டிப் பைக்குள் வைத்துவிட்டு, "பேப்பரை எடு மருமோன்" என்று சொல்லி, சுவரில் குதிக்காலை வைத்து, ஒரு பாதத்துக்கு முன்னால் மற்றப் பாதம் வைத்து நடந்தார். முன்சுவரில் இருந்து பின்சுவருக்கு அவருடைய பாதத்தில் ஐம்பத்திரண்டு. ஒரு பாதத்துக்கு நான் 'ஒரு மாமா' என்று பெயர் வைத்தேன். பக்கச்சுவருக்குப் பக்கச்சுவர் ஐம்பது மாமா. ஓட்டைச் சொக்ஸோடு அவர் அந்த நடைபாதையால் நாலு தரம் போய் வந்தார். ஒவ்வொரு தரமும் மேல்மாடத்தின் நெற்றியில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். அது பிரசங்கம் செய்கிறவருக்கு நேரே, அவர் நிறுத்தவேண்டிய நேரத்தை ஞாபகப்படுத்துவதற்காக வைத்தது. மாமா அதன் வேலைப்பாட்டை ஆராய்கிறார் என்று நினைத்து அதையும் படத்தில் கீறினேன்.

பிறகு நான் தூண்களை எண்ண மேல்மாடத்துக்கு ஏறினேன். மாமா ஒழுக்கு இருக்கிறதா என்று பார்க்க அந்த மரக்கூட்டுக்குள் ஏறினார். நான் மணிக்கூட்டுக்கு மேலே போய் நின்றபோது, "ஒழுகின அடையாளம் ஒண்டும் இல்லையே" என்று யாரோ என் காதுக்குள் சொன்னது போல இருந்தது. திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. மாமா அறையின் மறு தொங்கலில் குடைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, நீங்கள் உங்களுக்குள்ளை கதைச்சது எனக்குக் கேக்குது."

"விசர்க்கதை கதையாதை."

"உண்மையா. இன்னும் மெல்லச் சொல்லிப் பாருங்கோ."

வீட்டுப்பாடத்துக்கு வேண்டிய புதினம் கிடைத்துவிட்டது. நான் தரையில் இருந்து, கடதாசியின் கீழ் மூலையில் மூன்று நிரல் போட்டேன். மாமா சொன்னது, எவ்வளவு மெதுவாக, கேட்டதா. ஒவ்வொரு தரமும் குரலை இன்னும் இறக்கவேண்டும் என்று மாமாவிடம் சொன்னேன்.

முதலாவதாக அவர் சாதாரணக் குரலில், "மோர்டன் பஸ் நேரத்துக்கு வராது" என்றார். கேட்டது. இரண்டாவதாக, கொஞ்சம் இறக்கி, "அக்காவின்ரை புட்டு கல்லு மாதிரி" என்றார். அதுவும் கேட்டது. சரி போட்டேன். மூன்றாவதற்கு அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பதினொன்றுக்கு இருபது நிமிடம் இருந்தது.

"ஏதாவது சொல்லுங்கோ மாமா. ஆரும் இல்லைத்தானே."

அவர் இரண்டு கையையும் கூட்டின் விளிம்பில் ஊன்றினார். உதடு அசைவது தெரியவில்லை.

"நான் மனேச்சர் இல்லை."

கேட்டது என்று கையைக் காட்டினேன்.

"ஏழு வருசம் றெஸ்ரோறன்ரிலை கோப்பை கழுவினனான். நாலு வருசம் மேசன்மாருக்குச் சாந்து குழைச்சுக் குடுத்தனான்."

கேட்டது. கொஞ்சம் நீளமாக இருந்ததால் எழுதத்தான் நேரம் எடுத்தது.

கடைசியாக அவர் சொன்னது குரலே இல்லை, வெறும் மூச்சு. "சொன்னால் கட்டமாட்டா. சொல்லாமல் கட்டினால் எனக்கு நித்திரை வராது."

அதுவும் கேட்டது. சரி.

"மாமா, சாந்து குழைக்கிறதுக்கு இங்கிலிஷ் என்ன?" என்று நான் மேலே இருந்து கத்தினேன். அவர் பதில் சொல்ல முதல் கீழே, மேல்மாடத்தின் நிழலுக்குள், ஒரு பித்தளைக் கொழுக்கி 'டக்' என்றது. பெட்டிக் கதவு ஒன்று திறந்தது. நான் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தேன். ஒரு நேர்வகிடும், அதன் பக்கத்தில் ஒரு கிளிப்பும் தெரிந்தன. பிறகு அரிவரி ரீச்சர், நேரத்தோடே வந்து அதற்குள் இருந்து திருத்திய கொப்பிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்து, என்னை அண்ணாந்து பார்த்தார்.

"தம்பி, பதினாலாம் நம்பர் வாங்கிலையும் கேட்டது. அதையும் எழுதும்."

நான் நன்றி சொல்லி எழுதினேன். ஒரு பரிசோதனைக்கு இரண்டு சாட்சி கிடைப்பது லேசில்லை. மாமா கூட்டின் விளிம்பைப் பிடித்தபடியே நின்றார். முகம் முழுவதும் செங்கல் நிறம். இறங்கி ஓட அவருக்கு இரண்டு பக்கமும் படி இருந்தது. எந்தப் பக்கத்தால் இறங்கினாலும் பதினாலாம் வாங்கைத் தாண்டித்தான் வாசல்.

ரீச்சர் அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "உம்முடைய மாமாவைக் கேளும், ஏன் சப்பாத்து இல்லாமல் நிக்கிறார் எண்டு."

இருவருக்கும் நடுவில் பத்து வாங்குகூட இல்லை. இருந்தாலும் கேட்கச் சொன்னால் கேட்கத்தானே வேண்டும். "மாமா, ஏன் சப்பாத்து இல்லாமல் நிக்கிறீங்கள் எண்டு ரீச்சர் கேக்கிறா."

"கோயில் எண்டு கழட்டினனான் எண்டு சொல்லு."

"ரீச்சர், கோயில் எண்டு கழட்டினவராம்."

"சொக்ஸிலை ஓட்டை போட்டதும் கோயிலுக்காகத்தானோ எண்டு கேளும்."

இதை நான் கேட்டுச் சொல்வதற்குள் மாமா வலதுகாலை இடதுகாலுக்குப் பின்னால் கொண்டுபோனார். கூட்டின் பலகை அவரை இடுப்பு வரைக்கும் மறைத்துத்தான் இருந்தது. எதற்காக ஒளித்தாரோ தெரியாது.

"அவசரத்திலை பாக்கேல்லை எண்டு சொல்லு."

"இன்னொண்டு கேளும். சாந்து குழைக்கத் தெரிஞ்சவருக்குச் சுவர் பூசத் தெரியுமோ?"

"தெரியும் எண்டு சொல்லு."

"தெரியுமாம் ரீச்சர்."

"கோப்பை கழுவ இன்னும் ஞாபகம் இருக்கோ?"

"இருக்கெண்டு சொல்லு."

"இருக்காம் ரீச்சர்."

அந்த நேரம் சாவிக்கார அம்மா தேநீர்த் தட்டோடு உள்ளே வந்தார். சொக்ஸோடு ஒருவர் பிரசங்கக் கூட்டுக்குள், ஒரு பெண் கீழே நடைபாதையில், ஒரு பெடியன் மேல்மாடத்தில். ஒருவரை ஒருவர் பார்க்காமல் மூவரும் மூன்று திசையில் பேசிக்கொண்டிருந்தோம். அவர் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, பிரசங்கம் முடிந்ததா, தேநீர் குடிக்கலாமா என்று கேட்டார்.

தேநீர் குடித்தபோது அந்தக் குடை எதற்கு என்று நான் கேட்டதற்குச் சாவிக்கார அம்மாதான் பதில் சொன்னார். இந்தச் சனம் கோயிலுக்குப் பார்க்க வரவில்லை, கேட்க வந்தது. அதனால் கூட்டைச் சுவரின் நடுவில் வைத்து, வாங்கையும் மேல்மாடத்தையும் அதைச் சுற்றிக் கட்டி, பேசுகிறவரின் குரல் கூரைக்குப் போய் வீணாகாமல் முன்னால் வந்து விழட்டும் என்று மேலே பலகை அடித்தார்கள். "மழைக்கு இல்லையாம் மாமா" என்றேன். மாமா தெரியும் என்பது போலத் தலையாட்டினார். ரீச்சர் பிஸ்கற்றைத் தேநீரில் முக்கியபடி யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போனதும் அம்மா என்னைத்தான் முதலில் பிடித்தார். என்ன நடந்தது, ஆரைக் கண்டீங்கள், என்ன கதைச்சீங்கள்.

"ரீச்சரைக் கண்டனாங்கள். அவவின்ரை வீட்டிலை சுவர் பூச வேணுமாம். மாமாவுக்குப் பூசத் தெரியுமோ எண்டு கேட்டவ. கோப்பையும் கழுவுவாரோ எண்டு கேட்டவ."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தார். "மனேச்சர் எண்டெல்லோ சொல்லி வைச்சனான்" என்றார். மாமா, "பெடியன் சொல்லுறது சரிதான் அக்கா. எல்லாம் கேட்டுப்போட்டா" என்று சொல்லிவிட்டு, புதுச் சேட்டைக் கழற்றி மடித்து, கடைப் பைக்குள்ளேயே திரும்ப வைத்தார். அந்தப் பின்னேரம் முழுவதும் வீட்டில் ஒருவரும் ஒருவரோடும் பேசவில்லை. அப்பா மட்டும் என் பக்கத்தில் வந்திருந்து, படம் முடிந்ததா என்று கேட்டு, பென்சில் சீவித் தந்தார். நான் மேசையில் பெரிய கடதாசியை விரித்து, ஐம்பத்திரண்டு மாமாவுக்கு ஐம்பது மாமாவாகச் சதுரம் போட்டு, கீழ் மூலையில் அந்த அட்டவணையை வடிவான எழுத்தில் இங்கிலிஷில் எழுதினேன். ஒரு பொல்லாத விஷயம் நடந்துவிட்டது என்பது தெரிந்தது. கூலி சரிவரவில்லையாக்கும் என்று நினைத்தேன்.

புதன்கிழமை ரீச்சரின் அக்கா தொலைபேசி எடுத்தார். அம்மா இருந்து பேசத் தொடங்கி, எழும்பி நின்று, பிறகு நடக்கத் தொடங்கினார். "ஓம்... ஓம்... இல்லை, அது வந்து... ஓம்." வைத்துவிட்டு மாமாவைப் பார்த்தார். "தங்கச்சி சொல்லிப்போட்டாளாம். மனேச்சர்மார் ஆரும் பெண் கேட்டு வந்தால் வேண்டாம் எண்டு சொல்லிவிடட்டாம். அந்தக் குடைக்குக் கீழை நிண்டவரெண்டால் சரியாம்."

மாமா சோபாவில் முதுகு காட்டித் திரும்பிப் படுத்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று பார்க்க நான் மறுபக்கம் போனேன். இரண்டும்.

அடுத்த வருடம் கலியாணம் நடந்தது. மாமாவும், அன்றிலிருந்து மாமி ஆகிவிட்ட ரீச்சரும் ஹவுன்ஸ்லோவில் ஒரு பழைய வீடு வாங்கினார்கள். முன்னறைச் சுவரை மாமாதான் பூசினார். கண்ணாடி மாதிரி இருக்கும். அந்தச் சுவரில் மாமி முதலாவதாக மாட்டியது என் சாப்பல் படத்தை. பள்ளிக்கூடத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரமும், 'ஒரு மாமா என்றால் எத்தனை மீற்றர்?' என்ற கேள்வியுமாகத் திரும்பி வந்த அந்தக் கடதாசியை மாமி கேட்டு வாங்கி, தங்கநிறச் சட்டம் போட்டிருந்தார். வருகிறவர்கள் எல்லாரிடமும், "எங்கடை மருமோன் கீறினது" என்பார். வருகிறவர்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

பத்து வயதில் ஒருவனுடைய படம் பெரியவர்களின் வீட்டுச் சுவரில் தொங்கினால் அவன் என்ன நினைப்பான்? எனக்குக் கட்டடம் கீறும் கை இருக்கிறது என்று நினைத்தேன். அதை நம்பித்தான் கணக்கில் விழுந்து எழும்பிப் படித்தேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகப் படி ஏறிய முதல் ஆள் என்று அப்பா தன் ஷிப்டில் நிற்கிற எல்லாருக்கும் சொல்லும்படியாக, கட்டடக்கலை படிக்கப் போனேன். நேர்முகத்தில் ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டபோதும் அந்தப் படத்தைத்தான் சொன்னேன்.

போன மாதம் பழைய கட்டடம் ஒன்றை முறையாக அளந்து வரச் சொன்னார்கள். நான் அதே சாப்பலுக்குப் போய், இந்தத் தரம் சரியான கருவியோடு அளந்தேன். வந்த வழியில் ஹவுன்ஸ்லோவில் இறங்கி, என் பழைய படத்துக்கு முன்னால் நின்று பார்த்தேன். பார்க்கப் பார்க்க எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மேல்மாடத்துக்கு எட்டுத் தூண்; நான் கீறியது ஏழு. ஒரு பக்கம் நாலு யன்னல், மற்றப் பக்கம் ஐந்து. பிரசங்கக் கூட்டுக்குப் படி இருக்கிறது, ஏறுவதற்கு வாசல் இல்லை. குடை ஒரு மூலையில் காளான் மாதிரி முளைத்து நிற்கிறது.

"மாமி, இது முழுக்கப் பிழை. இவ்வளவு காலமும் ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

மாமி குசினியில் இருந்து துவாயில் கை துடைத்துக்கொண்டு வந்தார். மாமா உள்ளே கோப்பை கழுவும் சத்தம் கேட்டது.

"பிழையோ?" என்றார் மாமி. "நான் மேலை வடிவாப் பாக்கேல்லையப்பு."

சொல்லிக்கொண்டே துவாயின் நுனியால் கண்ணாடியின் கீழ் மூலையை ஒருதரம் துடைத்தார். பழக்கத்தில் போகிற கை. சட்டத்தின் மற்ற இடமெல்லாம் வருடக்கணக்கான தூசி. அந்த மூலை மட்டும் தண்ணீர் மாதிரித் துலங்கியது. அதற்குள்ளே என் குண்டுக் கையெழுத்தில் ஐந்து வரி இருந்தது. இரண்டாவது வரியை அம்மாவுக்கு இதுவரை யாரும் வாசித்துக் காட்டவில்லை. மூன்றாவது வரியில், 'நான் மனேச்சர் இல்லை. மிக மெதுவாக. மேல்மாடம்: கேட்டது. பதினாலாம் வாங்கு: கேட்டது' என்று எழுதி, எழுத்துப் பிழை ஒன்றுமில்லாமல், இரண்டு சரி போட்டிருந்தேன்.